கிடங்கு ஃபோர்க்லிஃப்ட்டுக்கு சிஎன்ஜி போடலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் என் மாமா அரிசி, பருப்பு, மசாலா மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய கிடங்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை டன் தூக்கும் எல்பிஜி ஃபோர்க்லிஃப்ட் ஒன்பது இருக்கிறது. வெளி யார்டில் டீசல் வண்டி மூன்று. சென்ற மாதம் ஒரு விற்பனைக்காரர் வந்தார். எல்லா வண்டியையும் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்றினால் எரிபொருள் செலவு பாதியாகும், புகையே இருக்காது, கார்பன் வரிக்கும் நல்லது என்கிறார். மாமா கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். நான்தான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் ஆட்கள் சிலர் அடிக்கடி தலைவலி என்கிறார்கள். சிஎன்ஜி வந்தால் அதுவும் தீரும் என்று அவர் சொன்னார். நான் படித்தது கணக்கு, இயந்திரம் தெரியாது. அவரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

பதில்:

நீங்கள் கடைசியில் எழுதிய தலைவலியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எரிபொருள் மாற்றம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இதை இந்த வாரமே பார்க்க வேண்டும்.

மூடிய கிடங்குக்குள் எல்பிஜி வண்டி ஓடுகிற இடத்தில் இரவு ஆட்களுக்குத் தலைவலி, குமட்டல், அசதி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. டீசல் புகையாவது மூக்கில் ஏறி எச்சரிக்கும், இது அப்படியில்லை. பகலில் லாரிகள் சரக்கு ஏற்றி இறக்கும் டாக் கதவுகள் திறந்திருப்பதால் காற்று ஓடிவிடும். கிடங்குகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலை கலவரத்துக்குப் பிறகு டர்பன் பக்கம் பல கிடங்குகளில் இரவில் ரோலர் ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டுதான் வேலை நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்று வர வழியில்லாத இடத்தில் இன்ஜின் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒழுங்காக டியூன் செய்த கேஸ் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். கேஸ் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போனால் அது ஐந்து, ஆறு சதவீதம்கூடப் போகும். வண்டி ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது, ‘நல்லா இழுக்குது’ என்றுகூடச் சொல்வார். மசாலாக் கிடங்கில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பேக்கிங் பக்கம் ஓடுகிற வண்டியாக இருந்தால் அதன் மடிப்புகளில் மஞ்சள் தூளும் மாவும் அப்பி, தட்டினால் மேகம்போல் எழும். காற்று வர வழியடைத்த ஃபில்டர், விறைத்துப்போன டயாஃப்ரம் (கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் ரப்பர் சவ்வு), எல்பிஜியோடு வரும் கனமான எண்ணெய்ப் பிசுக்கு படிந்த வேப்பரைசர் (திரவ எல்பிஜியை வாயுவாக்கும் பாகம்), இந்த மூன்றையும் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

எனவே ஒரு எமிஷன் பரிசோதகரை அழைத்து, ஒவ்வொரு வண்டியின் சைலன்சரிலும் நான்கு வாயு அனலைசரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். வண்டி சூடான பிறகு, ஐடிலிலும் (வண்டி நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது) அளக்க வேண்டும், சுமை கொடுத்தும் அளக்க வேண்டும். ஐடிலில் மட்டும் அளந்துவிட்டுச் சான்றிதழ் தருகிறவர்கள் உண்டு, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு ஷிஃப்ட்டில் இரண்டு மூன்று பேர் சட்டையில் மாட்டிக்கொள்ள சிறிய அலாரம் கருவியும் வாங்கிக்கொடுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், கார்பன் மோனாக்சைடு ஒரு ஷிஃப்ட் சராசரியாக 35 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 35 பங்கு) மேல் போகக்கூடாது என்கிறது. உங்கள் அலாரத்தையும் அங்கேயே வைக்கலாம். யாருக்காவது தலைவலி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அனுப்பிவிட்டு, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்சி ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யும்படி டாக்டரிடம் கேளுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே காட்டி, ‘98’ என்று சொல்லிவிடும்.

சரி, சிஎன்ஜி வந்தால் இது தீருமா? தானாகத் தீராது. இயற்கை எரிவாயுவும் காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடாகத்தான் எரியும். தீர்ப்பது புகையில் ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்தும் லாம்டா சென்சாரும் புகையைச் சுத்திகரிக்கும் மூன்றுவழி கேட்டலிஸ்ட்டும் சேர்ந்த கட்டுப்பாடு. அதை உங்கள் எல்பிஜி வண்டியிலேயே பொருத்தலாம். விற்பனைக்காரர் ‘புகையே இருக்காது’ என்றது கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைத்தான் என்று வைத்துக்கொள்வோம். அது எல்பிஜியிலும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பல வருடங்களாக கேஸ் நிறுவல் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் கிட் என்ன விலை, எந்தக் கம்பெனி, எத்தனை நாளில் மாட்டித் தருவார்கள் என்றுதான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, ‘உங்களுக்கு வரப்போகிற கேஸ் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு?’ என்று. டர்பனில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

தென்னாப்பிரிக்காவுக்கு இயற்கை எரிவாயு வருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் குழாய் வழியாக, சாசோல் நிறுவனத்தின் ஆலை இருக்கும் செகுண்டாவுக்கு. 2004-இல் தொடங்கியது. அந்த வயல்கள் வற்றிக்கொண்டு வருகின்றன. வெளி வாடிக்கையாளர்களுக்கு 2026 நடுவோடு சப்ளை நிற்கும் என்று சாசோல் முதலில் அறிவித்தது. பிறகு தேதியைத் தள்ளிப்போட்டது. தொழில் வட்டாரத்தில் இதை ‘கேஸ் கிளிஃப்’ (கேஸ் சட்டென்று தீர்ந்துபோகும் செங்குத்துச் சரிவு) என்றே பேசிக்கொள்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் பேயில் திரவ எரிவாயு இறக்கும் முனையம் கட்டும் திட்டம் இருக்கிறது. மொசாம்பிக்கின் மத்தோலாவில் இறக்கிக் குழாயில் கொண்டுவரும் யோசனையும் இருக்கிறது. வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் கேஸின் விலை டாலரோடும் உலகச் சந்தையோடும் சேர்ந்து ஏறி இறங்கும். இன்றைய விலையைக் காட்டி ஐந்து வருட மிச்சத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறவரிடம், அந்த விலையை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று கேளுங்கள்.

டர்பனுக்கு இன்னொரு தனிச் சிக்கல். இங்கே வரும் லில்லி என்ற குழாயில் ஓடுவது மொசாம்பிக் இயற்கை எரிவாயு அல்ல. செகுண்டாவில் நிலக்கரி, எரிவாயு பதப்படுத்தும்போது கிடைக்கும் ‘மீத்தேன் மிகுந்த கேஸ்’. எம்பாங்கேனி, ரிச்சர்ட்ஸ் பே வழியாக டர்பன் வரை வருகிறது. பாய்லருக்கும் அடுப்புக்கும் அது நல்ல எரிபொருள், எத்தனையோ தொழிற்சாலைகள் அதில் ஓடுகின்றன. ஆனால் இயற்கை எரிவாயுவைவிட அதன் வெப்ப மதிப்பு குறைவு, கலவையும் வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் டாக்ஸிகள் சிஎன்ஜியில் ஓடுவதைக் காட்டி, இங்கேயும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. அங்கே டியூன் செய்த மிக்ஸர் (கேஸையும் காற்றையும் கலக்கும் பாகம்) இங்கே காற்றை அதிகமாக விட்டு இழுவையைக் குறைக்கும்.

இதில் ஹைட்ரஜன் விஷயத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். வண்டியில் மாட்டும் சிஎன்ஜி சிலிண்டருக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 11439. மிக வலுவான எஃகில் செய்த சிலிண்டராக இருந்தால் உள்ளே போகும் கேஸில் ஹைட்ரஜன் இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. காரணம், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜன் இருக்காது, அதனால் யாரும் கேட்பதில்லை. செயற்கையாகத் தயாரான கேஸ் என்றால் கேட்டே ஆக வேண்டும். சப்ளை செய்கிறவரிடம் கேஸின் கலவை விவரத்தையும், சிலிண்டர் தயாரிப்பாளரிடம் ‘இந்தக் கலவைக்கு ஏற்றது’ என்ற ஒரு வரியையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் வராவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

குழாய் வேண்டாம், லாரியில் 200, 250 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) சிலிண்டர் வரிசைகளாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றும் சிலர் சொல்வார்கள். முறையான வழிதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து டர்பனுக்கு வரும் அந்த லாரி ‘என்3’ நெடுஞ்சாலையை நம்பி இருக்கிறது. வான் ரீனன்ஸ் கணவாயில் பனி விழுந்தோ, லாரிக்காரர்கள் மறித்தோ, சாலை அடைபட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய இரண்டு வாரமும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் உங்கள் கிடங்கு எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் கேஸ் லாரி இரண்டு நாள் தாமதமானால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும்.

அடுத்தது ‘பாதி விலை’. நீங்கள் கணக்குப் படித்தவர், இது உங்களுக்கு எளிது. எல்பிஜி கிலோவில் விற்கப்படுகிறது, எரிவாயு கிகாஜூலிலோ (வெப்ப அளவு, 1,000 மெகாஜூல்) கனமீட்டரிலோ. ஒரு கிலோவையும் ஒரு கனமீட்டரையும் பக்கத்தில் வைத்தால் எரிவாயு மலிவாகத்தான் தெரியும். ஒரு கிலோ எல்பிஜியில் மொத்த வெப்பக் கணக்கில் (புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால்) ஏறத்தாழ 50 மெகாஜூல் இருக்கிறது. ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயுவில் 40 பக்கம், மீத்தேன் மிகுந்த கேஸில் அதைவிடக் குறைவு. எனவே நீங்கள் கொடுக்கும் எல்பிஜி விலையை 20 ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு கிகாஜூலுக்கு உங்கள் இன்றைய விலை. விற்பனைக்காரரின் விலையையும் ராண்ட், கிகாஜூல் கணக்கில், மொத்த வெப்ப அடிப்படையில் கேட்டு வாங்குங்கள். அதில் கம்ப்ரஸர் வாடகை, அதன் மின்சாரம், பராமரிப்பு, சிலிண்டர் மறுபரிசோதனை எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். 250 பாருக்கு அழுத்த ஒரு கிலோவுக்குக் கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். மின்சாரம் நின்றால் கேஸ் போடவும் முடியாது. ‘லோட் ஷெடிங் வந்தாலும் சிஎன்ஜி ஓடும்’ என்று அவர் சொல்லியிருந்தால் ஜெனரேட்டர் யார் செலவு என்று கேளுங்கள்.

உங்கள் அளவுக்கு ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டரை டன் வண்டி சராசரி வேலையில் மணிக்கு இரண்டரை கிலோ எல்பிஜி குடிக்கும். ஒன்பது வண்டி, நாளுக்கு ஐந்து மணி நேரம் உண்மையில் இன்ஜின் ஓடுகிறது, மாதம் 22 நாள் என்று வைத்தால் மாதம் 2,500 கிலோ பக்கம் வரும், அதாவது 125 கிகாஜூல். கேஸ் உலகில் இது மிகச் சிறிய வாடிக்கையாளர். ஒரு கம்ப்ரஸரும் ஃபில்லிங் பாயிண்ட்டும் போடுகிற முதலீட்டை இவ்வளவு சிறிய செலவின் மிச்சத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் பல வருடம் ஆகும். அந்தப் பல வருடத்துக்குத்தான் கேஸ் உத்தரவாதம் இல்லை. இன்ஜின் ஓடிய மணிகளைக் காட்டும் உங்கள் ஹவர் மீட்டர்களைப் பார்த்து என் எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன்.

கார்பன் வரி பற்றிய பேச்சை ஒதுக்கிவிடலாம். 2019 ஜூனில் வந்த அந்த வரி, எரிபொருள் எரிப்பதில் 10 மெகாவாட் வெப்பத் திறனுக்கு மேல் வைத்திருக்கிறவர்களுக்கு. உங்கள் வண்டிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில்கூட வராது. நீங்கள் கட்டுவது டீசல் விலையோடு சேர்ந்து வரும் சிறு பங்கு மட்டுமே. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உங்களிடம் கார்பன் கணக்குக் கேட்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம், அதற்கு உண்மையான எண்ணைக் கொடுப்போம். நீராவியின் வெப்பத்தைக் கழித்த நிகரக் கணக்கில் (உங்கள் 125 கிகாஜூல் இதில் 114 பக்கம் வரும்) ஒரு கிகாஜூலுக்கு எல்பிஜி 63 கிலோ, இயற்கை எரிவாயு 56 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். உங்கள் அளவில் மாதம் ஏழு டன் பக்கம் இருப்பது முக்கால் டன் குறையும். ஆனால் மீத்தேன் எரியாமல் கசிந்தால், நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். நீங்கள் வாங்கும் கேஸில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு ஹோஸிலும் வால்விலும் கசிந்தாலே அந்த முக்கால் டன் மிச்சம் கரைந்துவிடும். எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறினாலும், நம் நாட்டு மின்சாரம் நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ பக்கம் கார்பன் சேரும். மாதம் 7,000 யூனிட் என்றால் அதுவும் ஏழு டன்னை ஒட்டித்தான் நிற்கும். வித்தியாசம் என்னவென்றால், கூரையில் சோலார் போட்டால் அந்த எண் இறங்கும்; கேஸுக்கு அப்படி இறங்க வழியில்லை.

வண்டி பற்றிக் கொஞ்சம். உங்கள் எல்பிஜி வண்டிகளில் டொயோட்டா 4ஒய், நிசான் கே21 மாதிரியான பெட்ரோல் வகை இன்ஜின்தான் இருக்கும். ஸ்பார்க் பிளக் இருப்பதால் அவற்றை சிஎன்ஜிக்கு மாற்ற முடியும். டீசல் வண்டியில் ஸ்பார்க் கிடையாது. அதை முழுக்க கேஸில் ஓட்ட வேண்டுமென்றால் இன்ஜினையே மாற்றுகிற வேலை, மூன்று யார்டு வண்டிக்காக யாரும் செய்ய மாட்டார்கள். ‘எல்லா வண்டியையும்’ என்று விற்பனைக்காரர் சொன்னாரே, வண்டிகளை அவர் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். எல்பிஜி வண்டியை மாற்றும்போது இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ள வேண்டும், இழுவை ஓரளவு குறையும். ஏற்ற ராம்ப்பில் முழுச் சுமையோடு ஏறுகிறவர் முதல் நாளே புகார் சொல்வார்.

அதைவிடப் பெரிய மாற்றம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. உங்கள் 19 கிலோ எல்பிஜி சிலிண்டர் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் வரும், ஒரு ஷிஃப்ட் முடிந்துவிடும். வண்டியின் பின்னால் மாட்டக்கூடிய 60 லிட்டர் சிஎன்ஜி சிலிண்டரில் 200 பாரில் 10 கிலோ பக்கம்தான் அடைக்க முடியும். அது நான்கு மணி நேரத்துக்கு வந்தால் அதிகம். டர்பன் குழாய்க் கேஸ் என்றால் இன்னும் குறையும். காலி எஃகு சிலிண்டரே அறுபது கிலோ பக்கம் இருக்கும், எல்பிஜி போல் பையன்கள் கழற்றி மாட்ட முடியாது. எனவே ஷிஃப்ட்டின் நடுவில் வண்டி ஃபில்லிங் பாயிண்ட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். வேகமாக அடைத்தால் கேஸ் சூடாகும், கேஜ் 200 காட்டும், டிரைவர் ஹோஸைக் கழற்றிவிட்டு வருவார். சிலிண்டர் ஆறியதும் முள் 170-க்கு இறங்கி நிற்கும். கேஸ் திருடிவிட்டார்கள் என்று சண்டை வரும். இரவு முழுதும் மெதுவாக அடைக்கும் முறையில் இந்தத் தொந்தரவு இல்லை, கருவியும் மலிவு. ஆனால் உங்களுக்கு இரவு ஷிஃப்ட் இருக்கிறதே.

சிஎன்ஜிக்கு நியாயமான நல்ல குணங்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் சுத்தமாக ஓடும், வேப்பரைசர் பிசுக்கு கிடையாது. நிறைந்த எல்பிஜி சிலிண்டரைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்ளும் கதை இருக்காது. கப்ளிங்கில் திரவம் தெறித்துக் கடுங்குளிரில் கை வெந்ததுபோல் புண்ணாவதும் இருக்காது. கசிந்தாலும் மீத்தேன் காற்றைவிட லேசானது, திறந்த வெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் டாக் லெவலர் (லாரிக்கும் தளத்துக்கும் இடையே ஏறி இறங்கும் பலகை) குழியிலும் வடிகாலிலும் இறங்கி உட்கார்ந்துகொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் மாற்றுகிற இடத்தை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், எந்த எரிபொருளாக இருந்தாலும் முதலில் அதை நகர்த்துங்கள்.

ஆனால் அதே லேசான குணம் மூடிய கூரைக்குள் எதிராகத் திரும்பும். மீத்தேன் கூரை மடிப்பில் தேங்கும், விளக்கும் வயரிங்கும் அங்கேதான் இருக்கின்றன. காற்றில் ஐந்து சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். உங்களிடம் இப்போது கேஸ் டிடெக்டர் இருந்தால் தரைமட்டத்தில் எல்பிஜிக்காக வைத்திருப்பார்கள். சிஎன்ஜிக்கு அவை பயன்படாது, கூரையில் புதிதாக வைக்க வேண்டும். கூரை உச்சியில் காற்றுப் போக்கியும் வேண்டும். கொட்டேஷனில் இந்தச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சட்டப் பக்கம் சுருக்கமாக: 1993-இன் 85ஆம் எண் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அழுத்தக் கருவி விதிமுறைகள் இதற்குப் பொருந்தும். வேலை செய்கிறவர் கேஸ் வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பின் பதிவில் இருக்க வேண்டும், அதிலும் இயற்கை எரிவாயுவுக்கான பிரிவில். எல்பிஜி அட்டை மட்டும் வைத்திருப்பவர் போதாது. முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சித் தீயணைப்புத் துறையிடமும் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் தயாரிப்பாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பின்பக்கம் கனமான சிலிண்டரை ஏற்றினால் வண்டியின் சமநிலை, தகட்டில் எழுதிய தூக்கும் திறன் இரண்டுமே கேள்விக்குள்ளாகும். விபத்து நடந்தால் முதலில் அந்தத் தகட்டைத்தான் பார்ப்பார்கள்.

என் யோசனையைக் கேட்டால், இப்போது கையெழுத்து வேண்டாம். ஒன்பதில் எத்தனை வண்டி பெரும்பாலும் உள்ளேயே ஓடுகின்றன என்று பிரியுங்கள். ஆறு என்று வைப்போம். அவற்றில் பழையது எதுவோ அது வாடகையோ ஆயுளோ முடியும்போது லித்தியம் பேட்டரி வண்டியாக மாறட்டும், ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் செருகிச் சார்ஜ் போடலாம், பேட்டரி மாற்றும் அறை தேவையில்லை. மூடிய கிடங்கில் புகை என்பதே இல்லாமல் போவது இதில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பீக் நேர மின்கட்டணம் கடிக்கும். அந்த மூன்று மாதமும் காலை மாலை பீக்கில் சார்ஜர் ஓடாதபடி டைமர் வையுங்கள். டாக்குக்கும் யார்டுக்கும் போய் வரும் மூன்று வண்டி எல்பிஜியிலேயே இருக்கட்டும், நன்றாக டியூன் செய்து, கேட்டலிஸ்ட் போட்டு. மழை நீர் தேங்கும் பக்கம் சார்ஜரை வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் எப்படி மூழ்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜர்களை அந்த வெள்ளக் குறிக்கு மேலே சுவரில் ஏற்றுங்கள்.

சிஎன்ஜி யாருக்குச் சரி என்றால், ஏற்கெனவே பாய்லருக்காகக் கேஸ் குழாய் வாசலுக்கு வந்துவிட்ட தொழிற்சாலை, இருபது வண்டிக்கு மேல் திறந்த வெளியில் ஓட்டுகிற இடம், டெலிவரி லாரிகளையும் சேர்த்து அதே கம்ப்ரஸரில் நிரப்பக்கூடியவர்கள். அவர்களுக்கும் கேஸ் ஒப்பந்தம் கம்ப்ரஸரின் கடனைவிட நீளமாக இருக்க வேண்டும். மாமாவின் டெலிவரி லாரிகளையும் கேஸுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும், அப்போது மறுபடி எழுதுங்கள்.

மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. விற்பனைக்காரர் சொன்னது பொய் என்று ஆரம்பிக்காதீர்கள். மாமா ஏற்கெனவே அவருக்கு வாய் வார்த்தை கொடுத்திருக்கலாம். ‘மாமா, ஒரு கிகாஜூலுக்கு எல்லாம் சேர்த்து என்ன விலை, எத்தனை வருடத்துக்கு, கேஸ் எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் யார் பொறுப்பு, இதை மட்டும் அவர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லலாமா?’ என்று கேளுங்கள். வியாபாரம் செய்து வளர்ந்தவர், எழுத்தில் வாங்குவதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்படியும் அவருக்கு ஆசை விடவில்லை என்றால் யார்டு பக்கம் ஓடும் ஒரே ஒரு எல்பிஜி வண்டியில் மூன்று மாதம் சோதனை நடக்கட்டும், சப்ளையரின் செலவில், சப்ளையரின் சிலிண்டரில். ஹவர் மீட்டர், போட்ட கேஸ், நின்ற நேரம் மூன்றையும் டிரைவரே ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

அந்த மூன்று டீசல் வண்டிகளை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில்கூட உள்ளே கொண்டுவர விடாதீர்கள். அனலைசர் ரிப்போர்ட் வந்ததும் ஒன்பது வண்டியின் எண்களையும் எனக்கு அனுப்புங்கள், எதை முதலில் ஒர்க் ஷாப்புக்கு அனுப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன்.